ஏழாம் தடத்தில் தொலைந்தது

ரீகா நகர டிராம் கிடங்கின் மேல்மாடியில்
எனக்கு ஒரு துபாஷி உண்டு.
சம்பளம் கேட்காத லைப்ரரி அது.
நான் 'பொருள்' என்பேன்,
'அட்டவணையில் ஒரு வரிசை' என்று மாற்றிக் கொண்டுபோகும்.
'இதன் சொந்தக்காரர்' என்பேன்,
இரண்டு அட்டவணைகளை இழுத்துவந்து
நடுவில் ஓர் எண்ணை முடிச்சாகப் போடும்.
தரவுத்தளத்தோடு நான் நேரில் பேசி
வருடமாகிறது.

காலையில் ஸிகுர்ட்ஸ் வீடோல்ஸின் கடிதம். நான்காவது.
ஜனவரி ஒன்பது, ஏழாம் எண் டிராம்,
இடது காதுக் கருவி.
கையெழுத்து ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது.

பெயர், காதுக் கருவி. தேடு.
இரண்டு அடைப்புக்குறிகள் வந்தன,
இடையில் எதுவும் இல்லாமல்.

'ஒன்றே ஒன்றைத் தா' என்று கேட்கக் கூடாது.
இல்லாவிட்டாலும் பிழை என்று கத்தும்,
இரண்டு இருந்தாலும் கத்தும்.
'முதலாவதைத் தா' என்றால் மரியாதையாக
ஒன்றுமில்லை என்கிற ஒன்றை நீட்டும்.

விவரத்தில் எங்காவது பிளாஸ்டிக் என்று உண்டா?
முந்நூற்றுப் பன்னிரண்டு, என்றது.
சொன்னதே தவிர எதையும் எடுத்துவரவில்லை.
அழுத பிள்ளைக்குத்தான் பால்.
அழுதேன்: இதைப் பதிந்தது யார்?
இதை? இதை?
ஒரு கேள்வியின் பின்னால்
முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கிளம்பி
ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.
கீழிருந்து ரைட்டிஸின் குரல்:
"டிக்கெட் இயந்திரம் திணறுகிறது. நீயா?"
நான்தான்.

'பதிந்தவரையும் சேர்த்தே எடு' என்று
ஒரு சொல் கூட்டினேன்.
எல்லாம் ஒரே நடையில் வந்து சேர்ந்தன.
பாதிக்கு மேல் வெல்கா.
வெல்கா வேலையை விட்டுவிட்டாள், லியபாயாவில் நாய் வளர்க்கிறாள்.
என்ன பொருள் என்று தெரியாவிட்டால்
பெயர்க் கட்டத்தை அவள் தொடவே மாட்டாள்.
அழித்துவிட்டுப் போன வெறுமை வேறு,
யாரும் தொடாத இன்மை வேறு.
துபாஷி இதில் கறார்.
வெறுமையைத் தேடினால் இன்மை வராது.

சரி. தடம் ஏழு.
ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.
பெயர்: இன்மை.
பதிந்த வரிசையில் அடுக்கு.

நாற்பத்தொன்று.
'கம்பிச் சுருள், சமையலுக்காக இருக்கலாம்.'
'பாதி ஊதுகுழல். எந்தப் பாதி தெரியவில்லை.'
'மரத்தில் செய்த முட்டை, உள்ளே இன்னொன்று இருக்கிறது, திறக்கவில்லை.'
தேட வந்ததை மறந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.
பெயர் தெரியாதபோது வெல்கா
இப்படி எழுதுகிறவளா?
'இளஞ்சிவப்பு. நத்தை போல.
மூடி வைத்தால் கீச்சிடுகிறது.
இரவில் நின்றுவிட்டது.'

ஆறாவது அலமாரி, மூன்றாம் தட்டு, உறையில்.
கையில் வைத்துப் பார்த்தேன்.
நத்தைதான்.

உரிமையாளர் என்ற இடத்தில் வீடோல்ஸ் என்று வைத்தேன்.
என் திரையில் அது அவருடையது.
அட்டவணையில் இன்னும் யாருடையதும் அல்ல.
'உறுதிசெய்' என்று சொல்லும்வரை
நினைப்பதெல்லாம் நினைப்பு மட்டும்.
சொன்னேன்.

சொன்ன கையோடு தொலைபேசியை எடுத்தேன்.
"ஹலோ."
"கிடைத்துவிட்டது!"
"ஹலோ?"
"உங்கள் கருவி! கிடைத்துவிட்டது!"
ரைட்டிஸ் பாதிப் படியில் நின்று பார்க்கிறான்.
"யாராக இருந்தாலும் கொஞ்சம் சத்தமாக," என்றார்.

வைத்துவிட்டேன். என் புத்தியை
எந்த அட்டவணையில் தேடுவது?

காகிதம் எடுத்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன்,
அவரைப்போலவே.
பிறகு முகவரி என்ன என்று கேட்டேன்.
அதுவரை அதைக் கொண்டுவராமலே இருந்த துபாஷி
அப்போதுதான் எழுந்து போய்
எடுத்து வந்தது.