417-ஆம் கேசட்

கடையில் இருந்தவை ஆயிரத்து நூறு படங்கள்.
காப்பாற்றியவை ஏழு பல்புகள்,
அலமாரிக்கு ஒன்று, அறுபது வாட்ஸ், இரவும் பகலும்.
கோத்தகிரி மூடுபனிக்கு எல்லா மொழியும் தெரியும்.
ஒரு வாரம் பல்பு அணைந்தால் போதும்,
கதாநாயகி கன்னத்தில் வெள்ளைப் பூஞ்சை,
வில்லன் தொண்டையில் தண்ணீர்.

பேரேட்டில் கடைசிக் கட்டம்: தாமதக் காரணம்.
சோலூர்மட்டம் பஸ் வரவில்லை.
கட்டபெட்டில் மரம் சாய்ந்தது.
மண்சரிவு.
மண்சரிவு.
மாமியார்.
கரடி என்று சொன்னால் அபராதம் கிடையாது.
தேயிலைக்குள் நின்ற கரடி எத்தனை,
என் மேசை முன்னால் விட்ட கரடி எத்தனை,
நான் பிரித்துப் பார்த்ததில்லை.
படத்துக்கு வாடகை கொடுப்பவன்
கதைக்குக் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?

சனிக்கிழமை டெக்கும் டிவியும் சேர்ந்து போகும்.
கம்பளியில் சுற்றி, ஜீப்பில்,
கைப்பிள்ளை போல் மடியில் வைத்து.
லயன் வீட்டு வாசலில் வீட்டுக்கு மூன்று ரூபாய்,
விடிவதற்குள் நான்கு படம்.
ஞாயிறு காலை திரும்பி வரும் டெக்கில்
சூடும், வறுத்த கடலைத் தோலும்.

சிவலிங்கம் அப்படி ஒரு ஞாயிறில்
417-இன் பெட்டிக்குள்
தன் கல்யாண கேசட்டைப் போட்டுத் தந்துவிட்டான்.
எனக்குத் தெரியாது.
மூன்று வீடுகளுக்கு வாடகைக்குப் போய் வந்தது.
ஒருவரும் குறை சொல்லவில்லை.
அரவேணு தையல்காரர் மட்டும் சொன்னார்:
"சண்டை கம்மி. பந்தி நல்லா எடுத்திருக்கான்."
இன்னொரு வீட்டில் இரண்டாம் பாகம் கேட்டார்கள்.

ஆடி மாத மழையில் புஷ்பராணி வந்தாள்.
கையில் கல்யாணப் பெட்டி.
"இதுல எங்க கல்யாணம் இல்லண்ணே,
யாரோ ஒருத்தன் குதிரையில போறான்."
விஷயம் புரிந்து பேரேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
விரல் வைத்து எண்ணினாள்.
"மூணு தடவை. முப்பது ரூபா.
பாதி எனக்கு."
கொடுத்தேன்.
நியாயம்தானே, நாயகி அவள்.

கேபிள்காரன் கம்பி இழுக்கக் கூரை கேட்டபோது
என் கடைக் கூரைதான் உயரம்.
ஆணிக்கு மாதம் ஐம்பது தருவதாகச் சொன்னான்.
வாங்கிக்கொண்டேன்.
நான்கு வருஷம் அந்த ஆணிக் காசுதான்
பல்புகளுக்குக் கட்டியது.

பிறகு வட்டுகள் வந்தன, பூஞ்சை பிடிக்காதவை.
பிறகு எல்லோர் சட்டைப் பையிலும் ஒரு கொட்டகை.
மூடுகிறேன் என்று அட்டையில் எழுதி மாட்டினேன்.
அன்று கூட்டம், வாசல் கொள்ளாமல்.
எல்லோர் கையிலும் உறுப்பினர் சீட்டு:
வைப்புத்தொகை இருநூறு, திருப்பித் தரப்படும்.
எழுதியது நான்தான். என் கையெழுத்துதான்.
ஸ்டூலை விற்றேன், கல்லாப்பெட்டியை விற்றேன்,
கடை அட்வான்சை போஜராஜ் அப்படியே தந்தார்.
ஒருவர் மட்டும், தையல்காரர்,
இருநூறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அந்தக் கல்யாணம் இருக்கா?"

கேசட்டுகளைப் பழைய இரும்புக்காரன் தொடவில்லை.
ஹாலன் வந்து ஆறு மூட்டை அள்ளிப் போனான்.
நாடாவை உருவி
கேரட் பாத்தியைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கட்டினான்,
பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் பயம் காட்ட.

பௌர்ணமிக்கு மறுநாள் பார்க்கப் போனேன்.
ஆயிரம் படம் ஒரே நேரத்தில் காற்றில் ஓடிற்று,
முகமில்லாமல், ர்ர்ர் என்று ஒரே வசனம்.
நடுவில் எங்கோ குதிரையில் போகிறவனும்
போய்க்கொண்டிருந்திருப்பான்.
சரிவில் ஒரு காட்டுமாடு, கன்றோடு,
வெகுநேரம் நின்று பார்த்தது.
நானும் ஹாலனும் மூச்சு விடவில்லை.

அப்புறம் அது
தலையைத் தாழ்த்தி, அறுத்துக்கொண்டு,
கேரட்டுக்குள் இறங்கியது.
கொம்பில் நாடா தொங்க
நிதானமாய் மென்றது.

ஹாலன் என்னைத்தான் திட்டினான்:
"நல்ல சண்டைப் படமா
ஒண்ணுகூடவா வாங்கி வைக்கல நீ?"