மீதமிருந்த பதினொன்று

மூன்றாம் நெடுஞ்சாலையில் கிளட்ச் கேபிள் அறுந்தது,
வெந்நீர் ஊற்றுகள் கூப்பிடு தூரத்தில் இருக்கையில்.
இழுவை வண்டி எங்களை சால்ட்டோவில் இறக்கிவிட்டுப் போனது.
மெக்கானிக் நாலு மணிக்கு எழுவாராம்.
வருவார் இல்லை, எழுவார்.

தார்தோ கார் நிழலிலேயே நீட்டிப் படுத்தான்,
முகத்தில் தொப்பி.
இந்தப் பயணமே உன் யோசனைதானே அம்மா என்று சொல்லிவிட்டு
காதை அடைத்துக்கொண்டாள் மகள்.
கேமராவின் சுருளில் பதினொரு படம் மீதம்.

மணி ஒன்றரை. ஜனவரி வெயில்
மண்டையைப் பிளந்தது.
ஊர் மொத்தமும் உள்தாழ் போட்டுக்கொண்டு
தூங்கிக்கொண்டிருந்தது.
அடுத்தவர் படுக்கையறைக்குள் செருப்போடு நுழைந்தவள்போல
தெருத்தெருவாக நடந்தேன்.

மருந்துக்கடையின் இறக்கிய ஷட்டர், ஒன்று.
நடைபாதை ஆரஞ்சு மரம், காயெல்லாம் பச்சை, இரண்டு.
தன் சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து
கழுத்தில் துண்டோடு குறட்டைவிட்ட முடிதிருத்துபவர்,
தன் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி.
நாலாவது வீண்.
குவியம் சரிசெய்வதற்குள் நாய் திரும்பிப் படுத்துவிட்டது.

ஆற்றுக்கு இறங்கும் சந்தில்தான் அந்த வீடு.
உரிந்த ரோஜா நிறத்துக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் யாரோ எப்போதோ பூசிய நீலம்.
கார்னிஸிலிருந்து கதவுவரை ஒரு விரிசல்
அவசரமே இல்லாமல் இறங்கியிருந்தது.
இரண்டு எடுத்தேன்.

"நகராட்சியா, வங்கியா?"
குரல் ஜன்னல் தட்டிக்குள்ளிருந்து.
"விடுமுறைக்கு வந்தேன்."
தட்டி ஒரு சாண் உயர்ந்தது.
"இங்கேயா?"

சுல்மா எச்செனிக்கே வெளியே வந்தாள்,
ஒரு கையில் மாத்தேக் குடுக்கை,
அக்குளில் இடுக்கிய பிளாஸ்க்.
என் பக்கத்தில் நின்று தன் சுவரை
முதல் தடவை பார்ப்பவள்போல் பார்த்தாள்.
"அழகா இருக்கோ?"
இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.
"மழையில் வந்து பார்."

வீட்டுக்காரன் அக்கரையில், கொன்கோர்தியாவில்.
ஒழுகல் எதுவும் தெரியவில்லையே என்கிறானாம் போனில்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்
எந்த வீடும் ஒழுகாது என்றாள்.

உள்ளே நாலு படம்.
கட்டிலுக்கு மேலே கூரை.
அலமாரியை விழுங்கிக்கொண்டிருந்த ஈரம்.
ஊதிப்போய் மூட மறுத்த குளியலறைக் கதவு.
வாளி.
ஒவ்வொன்றிலும் அன்றைய செய்தித்தாளைக்
கறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்,
கடத்தப்பட்டவர் உயிரோடிருப்பதைக் காட்டுவதுபோல.
வெளிச்சம் போதவில்லை.
குளிர்பெட்டிமேல் முழங்கையை ஊன்றினேன்,
அது நடுங்கியது.
எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.
அதற்குப்பிறகு அறையில் எங்கள் மூச்சு மட்டும்,
அதையும் நான் அடக்கிக்கொண்டேன்.

உங்களையும் ஒன்று எடுக்கட்டுமா?
"வேண்டாம். என்னைப் பார்த்தால்
சுவரைப் பார்க்கமாட்டான்."

நாலு மணிக்கு ஊர் ஒரே இழுப்பில் ஷட்டரைத் தூக்கியது.
ஸ்கூட்டர்கள், ரொட்டி வாசனை, திட்டு, ரேடியோ.
மெக்கானிக் கண்ணைக் கசக்கியபடி கேபிளை மாற்றினார்.
ஏதாவது பார்த்தியா என்றான் தார்தோ.
பதில் நீளம் என்பதால் சொல்லவில்லை.

கடைசிப் படத்தை ஆற்றுக்கு என்று வைத்திருந்தேன்.
அஸ்தமனத்தில் எல்லாரும் அதைத்தான் எடுத்தார்கள்.
நான் அக்கரை விளக்குகளில்
வீட்டுக்காரனின் ஜன்னலைத் தேடிக்கொண்டே அழுத்தினேன்,
கை அசைந்துவிட்டது.

மார்ச்சில் நாலு பிரதிகளைப் பேருந்துப் பார்சலில் அனுப்பினேன்.
இரண்டு வாரம் கழித்துச் செய்தி வந்தது:
"படம் பார்த்தான். வெட்கப்பட்டான்.
ஆள் வைத்து வெள்ளையடிக்கிறான்.
வெளிப்புறம் மட்டும்."

அந்த நீலமும் போய்விட்டதா என்று கேட்டு எழுதினேன்.
அனுப்பிய பிறகுதான்
என்ன கேட்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

இன்னும் பதில் இல்லை.
அங்கே இப்போது மழைக்காலமாம்.