பதினாலு, பதினேழு

கீழக்கரை ஸ்கேன் சென்டரில் ஏசி மட்டும்தான் பணக்காரன்.
அதன் கீழே சட்டையைக் கழற்றிவிட்டு
வலக்கையை இடக்கையால் ஏந்திக்கொண்டு
நிற்கிறான் ரெமிஜியுஸ்.
மூக்கையூர். வயது இருபத்தெட்டு.
"எத்தனை தடவை இறங்கியிருக்கு?"
"பதினொண்ணு."
வாசலில் ரசீதை மடித்துக்கொண்டிருந்த மனைவி
தலை நிமிராமலே சொல்கிறாள்:
"தூக்கத்துல இறங்குனதை எண்ணலை."

முதல் எக்ஸ்ரே சாயல்குடியில். நானூறு ரூபாய்.
அதில் எல்லாம் சரியாக இருந்தது.
பந்து குழிக்குள்,
குழி தோளுக்குள்,
தோள் அவனுக்குள்.
நிழலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.
எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து
வீட்டில் அனைவரும் நலம் என்று எழுதிவிடும்.

அடுத்தது மதுரை. எம்ஆர்ஐ.
நாற்பது நிமிடமும் காதுக்குள் யாரோ
படகுக்கு ஆணி அடித்தார்கள் என்றான்.
கிழிந்த சவ்வு,
பந்தின் பின்மண்டையில் விழுந்த பள்ளம்,
எல்லாம் அதில் வந்திருக்கிறது.
குழியின் முன்விளிம்பில் தேய்ந்தது: பதினாலு சதவீதம்.

டாக்டருக்கு அது போதவில்லை.
எலும்பை எலும்பாகப் பார்க்கவேண்டும் என்று சிடி கேட்டார்.
மூவாயிரத்து ஐநூறு.
தடைக்கால நிவாரணம் வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன்.
மூச்சைப் பிடிங்க என்றேன்.

பதினொரு நொடி. விடுங்க.
பிறகு கணினியில்
பந்தைக் கழற்றி ஓரமாக வைப்பேன்.
எனக்கு அது ஒரு சொடுக்கு.
அவனுக்கு அதே காரியம்
மடியை ஏற்றும்போது நடக்கிறது, இருட்டில்,
கூட வந்தவன் அக்குளில் கால்வைத்து
கையைப் பிடித்து இழுத்து
திரும்ப உள்ளே தள்ளும்வரை.

பந்து விலகியதும் குழி என்னை நேராகப் பார்க்கிறது.
மேலே சிறுத்துக் கீழே பருத்து
பேரிக்காய் போல் இருக்கவேண்டியது.
முன்பக்கம் கீழே
உளி வைத்துச் சீவியது மாதிரி ஒரு நேர்கோடு.

இல்லாததை அளக்கும் முறை இது:
இருக்கிற விளிம்பை ஒட்டி ஒரு வட்டம் போடவேண்டும்.
வட்டத்துக்குள் எலும்பில்லாத இடம் எவ்வளவோ
அவ்வளவும் போனது என்று கணக்கு.
அந்த எலும்பு ஒருநாளாவது
அத்தனை உருண்டையாக இருந்ததா,
பெற்றவளுக்கும் தெரியாது.
சுட்டியை மயிரிழை வெளியே தள்ளினால் பத்தொன்பது.
உள்ளே இழுத்தால் பதினாறு.
மூன்று தரம் போட்டேன்.
பதினேழில் நின்றது.

பதினைந்துக்குக் கீழே என்றால்
சின்னத் துளை போட்டுச் சவ்வைத் தைப்பாராம் அவனுடைய டாக்டர்.
தாண்டினால்
காக்கையலகு எலும்பை நுனியோடு அறுத்து
குழியின் ஓரத்தில் வைத்துத் திருகாணி முடுக்குவாராம்.

"அதென்ன ரெண்டு கணக்கு?"
"பார்க்கிற விதம் வேற."
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.
"பார் கிடக்குற இடத்துல எங்களுக்கும் இப்படித்தான்.
தண்ணி நிறம் ஒண்ணு சொல்லும்.
ஈயக்குண்டு கட்டுன கயிறு ஒண்ணு சொல்லும்.
எக்கோ மெஷின் வேற ஒண்ணு.
ஆழம் எது கம்மியாச் சொல்லுதோ
அதைத்தான் நம்புவோம்."

நான் பேசாமல் பதினேழின்மேல் விரல் வைத்தேன்.

"அது போட்டுக்கு, டாக்டரம்மா.
எனக்குப் பதினாலே போடுங்க.
தடைக்காலம் முடிய முப்பத்தாறு நாள்தான் கிடக்கு."

நான் டாக்டர் இல்லை என்றேன்.
ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்வது.
வட்டத்தை அழிக்காமல் சேமித்தேன்.
மதுரை எண்ணையும் பக்கத்திலேயே எழுதினேன், தேதி போட்டு.
கையெழுத்து இடுபவர் இன்னொரு வட்டம் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றரை மணி சாயல்குடி பஸ்
எங்கள் ஜன்னலுக்கு எதிரேதான் நிற்கும்.
மனைவி ஏறிவிட்டாள். அவனுக்குப் படிக்கு மேல் இடமில்லை.
இடக்கையில் பிலிம் கவர்.
வலக்கை மேல்கம்பியை நோக்கிக் கிளம்பி
நெஞ்சு உயரம்வரை போனது.
அங்கேயே நின்றது.
பஸ் உறுமியது.
கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு
இடக்கையை மாற்றினான்.