ஐந்தாவது சுற்று

பீனிக்ஸ், டர்பன். வெள்ளி மாலை, நூலக அறை.
பிஸ்கட் பெட்டியைப் பிரித்து அதன் உட்புறத்தில்
நானே வரைந்த கண்டம்:
ஆறு ஒன்று, துறைமுகம் ஒன்று, நிலக்கரி மலை ஒன்று,
நாடுகள் நான்கு.
ஆளுக்கு முப்பது மக்காச்சோள மணிகள்.
வயலில் நின்றால் விளைச்சல் தரும் அதே மணிதான்
எல்லையில் நின்றால் படை.
வேறு காய் கிடையாது.

விதிகளில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன்.
பத்துச் சுற்றும் யாரும் யாரையும் தொடாமலே
நால்வரும் பிழைக்கலாம்.
இரண்டுமுறை கணக்குப் போட்டுப் பார்த்ததுதான்.
பிள்ளைகளிடம் அதைச் சொல்வதில்லை.

ஏழு வருஷத்தில் ஒரு குழுகூடப் பத்தைத் தொடவில்லை.

காரணங்களைப் பழைய வருகைப் பதிவேடொன்றில் குறித்துவருகிறேன்.
துறைமுகத்துக்காக ஒருமுறை.
நிலக்கரிக்காக மூன்று.
"அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், மிஸ்."
மணியடிக்க ஐந்து நிமிஷமே இருந்ததால்.
ஒருமுறை, நம்பமாட்டீர்கள்,
சமாதான ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து மேலே என்று.

இந்த வருஷத்துப் பிள்ளைகள் வேறு மாதிரி.
யுகன் மூட்லி நிலக்கரியைக் கடனாகக் கொடுத்தான்.
சிபெசிஹ்லே ஆற்றில் வரியில்லை என்று அறிவித்தான்.
நொக்வாண்டாவும் சலோஷ்னியும்
எல்லைக்கோட்டின்மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து
சந்தை என்றார்கள்.
விதியில் சந்தையே இல்லை. நான் வாய் திறக்கவில்லை.
நாலாவது சுற்றும் முடிந்தது.
பத்தை எட்டிவிடுவார்கள் போலிருந்தது. எனக்குள்
பாடம் போச்சே என்று ஓர் அற்ப வருத்தம்.

ஐந்தில் மின்சாரம் போனது.
அட்டவணைப்படிதான்; நான்தான் பார்க்க மறந்தேன்.
ஜூன் மாதம், ஐந்தரைக்கே இருட்டு.
செல்போன்களெல்லாம் என் மேசை இழுப்பறையில், பூட்டியபடி.
"அசையாதீங்க, ஜெனரேட்டர் வரும்" என்றேன்.

யாரும் அசையவில்லை.
அட்டையில் எங்கோ ஒரு மணி உருண்டது.
டக்.
பிறகு வேறொரு மூலையில். டக், டக்.
பிறகு தகரத்தில் மழை பிடித்ததுபோல.

விளக்கு வந்தபோது
யாரும் யாரையும் தாக்கியிருக்கவில்லை.
அதைச் சொல்லியே ஆகவேண்டும்.
ஒரு மணிகூட அடுத்தவர் மண்ணில் இல்லை.
வயல்கள் நான்கும்தான் வெறிச்சோடிக் கிடந்தன.
எல்லைக்கோட்டின் இருபுறமும்
பல்வரிசையைப் பல்வரிசை பார்த்துக்கொண்டிருந்தது.
சந்தை மேசைக்கடியில்.

"நீதான் முதல்ல நகர்த்தினே."
"சத்தம் உன் பக்கமிருந்து வந்துச்சு."
"காவலுக்குத்தான் வெச்சேன்."
"நானும் காவலுக்குத்தான்."

ஆறில் விளைச்சல் இல்லை. ஏழில் போர்.

விளக்கவேண்டியவள் நான்.
ராணுவப் போட்டி, கூட்டணி, ஏகாதிபத்தியம், தேசியவாதம்:
பாடத்திட்டம் தரும் சொற்கள். சாக்கட்டி கையில்தான் இருந்தது.
எனக்கு அந்த ஜூலை வந்து நின்றது.
எங்கள் தெருமுனையில் டயர்கள்,
யாரோ வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் குறுக்கே,
ஹாக்கி மட்டையோடு என் தம்பி.
காவலுக்குத்தான்.
இஞ்சி தட்டிப்போட்டு ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுபோனேன்.
யாருக்குச் சர்க்கரை எத்தனை என்றுகூடக் கேட்டேன்.
சாலைக்கு அந்தப்பக்கம்தான் சிபெசிஹ்லேயின் வீடு.
அங்கே அன்றிரவு யார் விழித்திருந்தார்கள் என்று
நான் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.
இரண்டு வருஷமாக நாங்கள்
ஐரோப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

"போருக்கான காரணம், ஒரே வரியில்" என்று
துண்டுத்தாள் கொடுத்தேன்.
சலோஷ்னி நிலக்கரி என்றெழுதினாள், மதிப்பெண் வரும் என்று தெரிந்து.
யுகன் வெற்றுத்தாளை மடித்துத் தந்தான்.
சிபெசிஹ்லே எழுதியிருந்தது
டக்.

பதிவேட்டில் அதையே எழுதிக்கொண்டேன்.

மணிகளை எண்ணிப் பெட்டியில் போட்டால் நூற்றுப் பத்தொன்பது.
மேசைக்கடியில் தேடினோம். மூடிதான் கிடைத்தது.
நொக்வாண்டா கடைசியில் விரல்களை விரித்தாள்.
உள்ளங்கைக் குழியில், வேர்வையில் நனைந்து, ஒன்று.
"இத எங்கேயும் அனுப்பலே, மிஸ்.
வயல்ல விட்டா யாராவது எடுத்துடுவாங்கன்னு..."

"பெட்டியில போடு" என்றேன்.
விரல்களை மறுபடி மூடிக்கொண்டாள்.