பலகைகள்

ஹீலியம் உருளையை உருட்டிக்கொண்டு
ட்ரான்ஹைமில் அந்த நிலவறைக்குச்
செவ்வாய்தோறும் போவேன்.
இறக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.
கையெழுத்துப் போடவேண்டிய ஹல்வார்
பிப்ரவரி முழுக்க
வேறொரு கை எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்லௌக் கவிஞர். பிறவியிலேயே காது கேளாதவர்.
கவிதைகளை அவர் தாளில் எழுதுவதில்லை,
மார்புக்கு முன்னே காற்றில் எழுதுவார்.
குவாண்டம் சொற்களுக்குச் சைகை வேண்டுமென்று
பல்கலைக்கழகம் அழைத்திருந்தது.
அதுவரை காது கேளாத மாணவர்கள்
மேற்பொருந்துதலை
ஒவ்வோர் எழுத்தாய் விரலால் கூட்டினார்கள்.
சொல் முடிவதற்குள் வகுப்பு
அடுத்த சமன்பாட்டுக்குப் போயிருக்கும்.

முதல் நாள் ஹல்வார் ஒரு நாணயத்தைச் சுழற்றிவிட்டார்.
தலையும் பூவும் ஒன்றாய்க் கலங்கின.
ஆஸ்லௌக்கின் விரல் அதைப்போலவே சுழன்றது.
உடனே ஹல்வாரே மறுத்தார்:
நாணயம் பொய் சொல்கிறது,
எந்தப் பக்கமென்று அதற்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.
இங்கே
அதற்கும் தெரியாது.
மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தூவாவின் கைகள்
அந்தக் கடைசி வரியில் ஒருமுறை தடுக்கின.

அப்புறம், வலக்கை 'வந்தேன்' என்றது,
இடக்கை 'போனேன்' என்றது,
ஒரே கணத்தில்.
எனக்குப் பொறாமையாக இருந்தது.
ஒற்றை நாக்கை வைத்துக்கொண்டு நாங்கள்
இதற்குச் சிலேடை கட்டவேண்டியிருக்கிறது.
ஹல்வாருக்குப் போதவில்லை.
பாதி வரவு, பாதி போக்கு என்றல்ல, என்றார்.
அப்படியானால் நீயே செய், என்றார் ஆஸ்லௌக்.
அதை மொழிபெயர்க்கத் தூவா தேவைப்படவில்லை.

மூன்றாம் செவ்வாய்,
ஒளித்துகளை ஒன்றொன்றாய் எண்ணும் கருவிக்காக
விளக்குகளை அணைத்தார்கள்.
அணைத்த பிறகே உறைத்தது:
எங்கள் மூவருக்கும் இருட்டில் வாய் இருக்கிறது,
ஆஸ்லௌக்குக்கு மட்டும் அறை ஊமையாகிவிட்டது.
தூவாவின் பெருமூச்சு.
துணி உரசும் ஒலி.
நாற்காலி நகர்கிறது.
"ஓ" என்றார் ஹல்வார், மிகத் தாழ்ந்த குரலில்.
நான் உருளையின் கழுத்தைப் பிடித்தபடி
மூச்சைக்கூட மெதுவாகவே விட்டேன்.

விளக்கு வந்தபோது
ஹல்வாரின் விரல்களில் இருந்த சாக்பீஸ் தூள்
ஆஸ்லௌக்கின் உள்ளங்கைகளில் இருந்தது.
என்ன சைகை என்று தூவா கேட்டாள்.
இருவரும் செய்துகாட்டினார்கள்,
வேறுவேறு சைகைகளை.

ஏப்ரலில், நகர நூலகத்தின் அரங்கில்,
ஆஸ்லௌக் மேடையேறிக் கண்களை மூடினார்.
சைகை மொழியில் கண்ணை மூடுவது
பேசுகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது.
கூட்டம் திடுக்கிட்டது.
மூடிய கண்களோடு இரு கைகளும்
வந்தன, போயின, இருந்தன.
கண் திறந்ததும் ஒரு கை மடியில் விழுந்தது.
எது விழும் என்று எனக்கும் தெரியாது,
பின்னால் சொன்னார்.

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள், ஏழு வயதிருக்கும்.
நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், சரி,
நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?
அரங்கமே கைகளை உயர்த்தி உதறியது,
அதுதான் அங்கே கைதட்டல்.
ஹல்வார் சிரிக்கவில்லை.
நூறு ஆண்டாய் இதே சண்டைதான், என்றார்.
சண்டைக்கு ஏற்கெனவே சைகை இருந்தது.

அடுத்த செவ்வாய் நிலவறையில்
கரும்பலகைகளின் எண்களுக்கு நடுவே
ஆஸ்லௌக் கைகளை வரைந்துகொண்டிருந்தார்.
என் நார்வேஜியன் உச்சரிப்பு மோசம்.
அவரிடம் மட்டும் அது ஒரு பொருட்டே இல்லை.
ரசீதின் பின்புறம் தமிழில் ஒரு சொல் எழுதினேன்,
இடைவெளி விடாமல்:

பலகைகள்

என்ன அது, என்றன புருவங்கள்.
சுவரிலிருந்த மூன்று பலகைகளைக் காட்டினேன்.
பிறகு அவர் கைகளை, தூவாவின் கைகளை,
எண்ணெய் படிந்த என் கைகளை.
எது, என்றன புருவங்கள் மறுபடி.
கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த ரசீதில் கையெழுத்தே இல்லையே என்று
அலுவலகத்தில் இன்னும் கேட்கிறார்கள்.