மால் விபரம்

ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
தொண்டியில் பாதிப்பேருடைய பட்டா
என் கண்ணாடிமேல் ஒருமுறையாவது
குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.
யார் வீடு யார் பேரில், எந்த வங்கியில் அடகு,
வெளிச்சம் ஓடி முடிவதற்குள் தெரிந்துவிடும்.
என் பத்திரத்தைத்தான் நான் படிக்கவில்லை.

மூன்று நாள் மழை.
அதைக் குறை சொல்ல மாட்டேன்,
மழைத்தொழுகை நடத்திக் கேட்டு வாங்கிய ஊர்.
தண்ணியில்லாக் காடென்று
தண்டனைக்கு ஆள் அனுப்பும் சீமை.
நாலாம் நாள் மேற்கே கண்மாய் உடைந்தது.
கிழக்கே வாடைக்காற்றில் பெருத்துக் கிடந்த கடல்
ஒரு சொட்டுக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.
நடுவழியில் நின்ற தண்ணீர்
எங்கள் தெருவுக்குத் திரும்பியது,
வெளியூர் போய்வந்த வீட்டுக்காரன் மாதிரி,
கதவைத் தட்டாமல்.

பத்து நாள் கழித்து
காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் வில்லாயுதம்
பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்தார்.
சுவரின் பழுப்புக் கோட்டில் டேப்பை வைத்தார்.
மூன்றடி இரண்டங்குலம்.
சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே
எதையோ நினைத்து நின்றிருக்கிறது.
பூச்சு உதிர்ந்த இடத்தை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"உப்பும் இருக்கு, கண்மாயும் இருக்கு."
படிவத்தில் ஏழாவது கட்டம்: சேதத்தின் காரணம்.
ஒரு வரிக்குத்தான் இடம்.
வெள்ளம் என்று எழுதினார்.

பிறகு பாலிசியைப் புரட்டினார்.
வீட்டுக்கடன் வாங்கிய அன்று
எங்கே கையெழுத்து என்று கேட்டேனே தவிர
எதற்கு என்று கேட்காத காகிதம்.
"கட்டடத்துக்கு இருக்கும்மா, அதுவும் கடன் அளவுக்கு.
உள்ள இருந்த சாமானுக்கு இல்ல.
இந்தக் கட்டத்துல டிக் போடல."
கடுகளவு கட்டம்.
அதற்குள் போயிருக்க வேண்டியவை:
கிரைண்டர், பீரோ இரண்டு,
ரிஸ்வானாவின் நர்சிங் புத்தகங்கள்,
ரிப்பேருக்கென்று கொண்டுவந்து போட்ட பழைய மிஷின்,
அரை மூட்டை நெல்.
நெல் முளைத்துவிட்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் செங்கோல் அண்ணனுக்குப் பாலிசியே இல்லை.
"கடல்ல கிடக்குறவன் வீட்ல தண்ணி வந்துச்சுன்னா
எவன் காசு தருவான்?" என்று சிரித்தவர்
சாயங்காலம் கடைக்கு வந்து
ரேஷன் அட்டையை நான்கு காப்பி எடுத்தார்.
நிவாரணத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது வில்லாயுதம் கேட்டார்,
இந்தத் தெருவுக்குப் பேர் என்ன?
ஊருணித் தெரு.
ஊருணி எங்கே?
இருவரும் தரையைப் பார்த்தோம்.

அன்றிரவு
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பத்திரத்தைப் பிரித்தேன்.
இதற்கு மால்:
கிழக்கே செய்யது மீரான் மனை.
தெற்கே பொதுப்பாதை.
மேற்கே வாய்க்கால்.
வடக்கே மேற்படி ஊருணியின் பாக்கி நிலம்.
எழுதினவர் எதையும் மறைக்கவில்லை.
வங்கிக்கு, வரிக்கு, கரண்டுக்கு என்று
எத்தனை காப்பி எடுத்திருப்பேன்.
ஒவ்வொன்றிலும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

பங்குனியில் பணம் வந்தது, பூச்சு வேலைக்குப் போதும்.
இந்த வருடம் சாமானுக்கும் டிக் போட்டேன்.
ஒரு மாத டோனர் செலவு கூடுதல்.
மிஷினை ஆறு செங்கல் உயரத்தில் ஏற்றியிருக்கிறேன்,
வாடிக்கையாளர்கள் எக்கிப் பார்க்கிறார்கள்.

நேற்று சவுதியிலிருந்து லீவில் வந்த பைரோஸ்
புது மனையின் பத்திரம் கொண்டுவந்தார். ஐந்து காப்பி.
பொத்தானில் வைத்த விரலை எடுத்துவிட்டேன்.
"மேற்கே என்ன போட்டிருக்கு, நீங்களே படிங்க."
"கலுங்கு ஓடை" என்றார்.
"ஓடையெல்லாம் இப்ப ஏது,
கருவேல மரமாக் கிடக்கு.
இந்த ஊர்ல தண்ணிக்கு எங்க போக?"

வெளிச்சம் ஐந்துமுறை ஓடியது.
ஆறாவதாக ஒன்று எடுத்து
அந்த இரண்டு சொல்லுக்கும் அடியில் கோடிட்டு
மற்றவற்றுக்கு மேலே வைத்துக் கொடுத்தேன்.
பத்து ரூபாய்தான் வாங்கினேன்.