வாய் வேண்டாத குழல்

பெட்டி வந்து சேர்ந்தது மார்ச் கடைசியில்.
நைட் டியூட்டி முடிந்து யூனிஃபார்ம் கழற்றாமலே பிரித்தேன்:
ஒரு தோற்பை, ஒரு துருத்தி, இரண்டு வார்,
எட்டுத் துளையோடு ஒரு கருங்குழல்.
அயர்லாந்தில் இதற்கு முழங்கைக் குழல் என்று பெயராம்.
பதினான்கு மாத ஓவர்டைம், கூடவே சுங்க வரி.
"உள்ள என்ன மேடம், மருந்தடிக்கிற மெஷினா?" என்றான் கூரியர் பையன்.
கிட்டத்தட்ட, என்றேன்.

வலது முழங்கை துருத்தியை ஊத வேண்டும்.
இடது முழங்கை பையை அணைக்க வேண்டும்.
விரல்கள் தனிக் குடித்தனம்.
வாய்க்கு வேலையே இல்லை,
வாசித்துக்கொண்டே யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.
முதல் நாள் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

பென்னாகரம் ரோட்டில் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசிக்கும் குணசீலன்
குழலுக்குள் எட்டிப் பார்த்து
"சீவாளி காய்ஞ்சிருக்கு, நாக்குல வச்சு நனைங்க" என்றான்.
நல்லவேளை, கூட வந்த காகிதத்தைப் படித்திருந்தேன்.
இது எச்சில் பட்டால் செத்துப்போகும்.
தர்மபுரி வெயில் பட்டாலும் அப்படித்தான் போல,
பகலெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டது.
ஈரத்துணி தொங்கவிட்டு, விடியற்காலை நான்கு மணிக்கு
ஒருவழியாகக் கத்தியது.
கீழ்வீட்டு நாகவேணி மாடியேறி வந்து
"குக்கர் ரப்பர் போயிடுச்சா?" என்று கேட்டுப் போனாள்.

சத்தம் வந்தது, நிற்கவில்லை.
அமுக்குகிறேன், எழுகிறது. விடுகிறேன், சரிகிறது.
நான்கு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது
என் கை எதை வாசித்துக்கொண்டிருந்தது என்று.

பதினொரு வருடமாக அதற்குத் தெரிந்த பை ஒன்றுதான்.
தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிக்கும்
ஜி.ஹெச். வாசலுக்கும் நடுவே,
ஆடுகிற ஆம்புலன்ஸில், ஒரு கையால் மாஸ்க்கை அழுத்தி,
மறு கையால்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு.
விடு.
விட்டால்தான் அந்த மார்பு இறங்கும்.
விடுவதும் சேர்ந்ததுதான் மூச்சு.

இதற்கு விடக் கூடாது.
துருத்தி ஓயும் நேரம் பை தாங்க வேண்டும்,
பை தளருமுன் துருத்தி வந்துவிட வேண்டும்,
இந்தக் கைமாற்று குழலுக்குத் தெரியவே கூடாது.

தெரிந்துவிடுகிறது. இன்னமும்.

நேற்று இரவு தக்காளி டெம்போ, இரட்டைப் பாலத்தருகே.
இருபது வயது இருக்கும் பையனுக்கு.
காலுக்கடியில் ஒரு தக்காளி உருண்டு உருண்டு போய்வந்தது.
பாளையம் டோல்கேட் தாண்டும்போது
திம்மராயன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்:
"என்னக்கா, விலாவுல அடி கிடி பட்டுச்சா?
இடது கைய அப்படி ஒட்டி வச்சிருக்க?"

குனிந்து பார்த்தேன்.
அங்கே இல்லாத ஒரு பையை
முழங்கை விடாமல் அணைத்துக்கொண்டிருந்தது.

ரோட்டைப் பாருடா, என்றேன்.
நான்கு, ஐந்து, அமுக்கு.
விடு.